உயிர் லைன்

என்னிடம் சோலார் போட வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். "பக்கத்து வீட்டுக்காரன் அஞ்சு கிலோவாட் போட்டிருக்கான், எனக்கும் அதையே போடு." ஹனாதி அப்படிக் கேட்கவில்லை. கடைக்குள் வந்தவள், ஈரக் குடையை மடக்கக்கூட இல்லை.

"உஸ்தாத் வதீஹ், என் வீட்டுக்காரர் கரண்ட்லதான் மூச்சு விடறார். அவருக்கு எவ்வளவு வேணும்னு மட்டும் கணக்கு போட்டுச் சொல்லுங்க."

இருபத்திரண்டு வருடம் மீனா என்ற துறைமுக ஊரில் இயற்பியல் வாத்தியாராக இருந்தேன், உஸ்தாத் என்ற பேர் அப்போது ஒட்டியது. எங்கள் பணமான லீராவின் மதிப்பு கரைந்து, மாதச் சம்பளம் பெட்ரோலுக்கே போதாமல் ஆனபோது இந்தத் தொழிலுக்கு வந்தேன். லெபனானில் அந்த வருடம் அரசாங்க மின்சாரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வந்தால் அதிசயம். மிச்சமெல்லாம் தெரு ஜெனரேட்டர்தான். எங்கள் தெருவுக்கு ஜெனரேட்டர் முதலாளி அபூ தாஹர். டீசல் விலையைச் சொல்லி அவர் தினமும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்.

ஹனாதியின் வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறக்கும் முன்பே ஆக்சிஜன் மெஷினின் இரைச்சல் கேட்டது. ஜன்னலோரச் சோபாவில் நஸீஹ் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் பெய்ரூத் பாதையில் டாக்ஸி ஓட்டியவர். நுரையீரல் காய்ந்த பஞ்சு போல இறுகிக்கொண்டே போகிற நோய். மூக்கில் குழாய். வாய் மட்டும் பழையபடிதான்.

"வாங்க உஸ்தாத். டாக்ஸியில நான் மீட்டர் போட்டதே இல்ல. இப்ப எனக்கே மீட்டர் போட வந்துட்டீங்களா?"

சிரித்தேன். ஆனால் மெஷினில் மீட்டரை மாட்டியதும் சிரிப்பு போய்விட்டது. முந்நூற்று நாற்பது வாட். நாள் முழுக்க, ஒரு நொடி நிற்காமல். எட்டு யூனிட்டுக்கு மேல்.

"வேற என்னென்ன ஓடுது?"

"ஃபிரிட்ஜ், லைட்டு, டிவி, என் தையல் மெஷின்" என்றாள் ஹனாதி.

"ஹீட்டரைச் சொல்லு" என்றார் நஸீஹ்.

"ஹீட்டரெல்லாம் இல்ல."

"கட்டிலுக்கடியில இருக்கு உஸ்தாத். நான் தூங்கின பிறகு காலுக்கு வச்சுக்குவா. குளிர் தாங்க மாட்டா, ஆனா ஒத்துக்க மாட்டா."

அவள் முகம் சிவந்தது. ஹீட்டரைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று நான் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினாள்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவர்கள் இருவர் முன்னாலேயே கணக்கு போட்டேன். சோலாரை ஜூலை மாத வெயிலுக்குப் போட்டால் வீடு அழகாக ஓடும், ஜனவரியில் மனிதன் சாவான். அதனால் ஜனவரிக்கே போட்டேன். வெயில் இல்லாத பதினாறு மணி நேரத்தைத் தாண்ட ஐந்து யூனிட் பேட்டரி இரண்டு. ஒன்பது பேனல். வீட்டு வயரிங்கை இரண்டாகப் பிரிப்பது. ஒரு லைனில் ஆக்சிஜன் மெஷின், வேறு எதுவும் இல்லை. ஃபிரிட்ஜும் மற்றதும் இன்னொரு லைனில். பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கினால் அந்த லைன் தானாகவே அணைந்துவிடும். முதல் லைனுக்கு ஹனாதிதான் "உயிர் லைன்" என்று பேர் வைத்தாள்.

சிட்னியில் இருக்கும் அவள் தம்பி பணம் அனுப்பினான். ஆனால் கூரையில் இடம் கிடைக்கவில்லை. கட்டடத்தில் பத்து குடும்பம், எல்லோருக்கும் பொதுவான மொட்டை மாடி. ஹனாதியின் பங்கில் ஆறு பேனல்தான் கொள்ளும். நான்காவது மாடி மதாம் ஓதெத்திடம் போய்க் கேட்டேன். விதவை, தனியாக இருப்பவர். கதவை ஒரு கை அகலத்துக்கு மட்டும் திறந்தார்.

"எனக்கு வம்பு வேணாம் உஸ்தாத். நேத்து அபூ தாஹரோட ஆள் வந்துட்டுப் போனான்."

அந்த ஆள் என்னிடமும் வந்தான். ஹைஸம், வசூல்காரன். மரியாதையாகத்தான் பேசினான். கடையில் இருந்த பேனல் ஒன்றை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிப் பார்த்தான்.

"கண்ணாடிதானே இது? நம்ம ஊர்ல வானத்துல இருந்து என்னென்னவோ விழுது. கல்யாணம்னா மேல பாத்துச் சுடறானுங்க, பரீட்சை பாஸானா சுடறானுங்க. பாத்து வைங்க உஸ்தாத். நீங்க எனக்கே பாடம் எடுத்தவர், அந்த அக்கறையிலதான் சொல்றேன்."

அவன் போன பிறகு கடைக் கதவை உள்ளிருந்து தாழிட்டேன். ஐம்பத்து நான்கு வயது எனக்கு. எட்டாம் வகுப்பில் நியூட்டனின் விதியைத் தப்பாக எழுதியவனுக்குப் பயப்படுகிறேனே என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டாலும் தாழை எடுக்கவில்லை.

ஆறு பேனல் போட்டால் சாதாரணக் குளிர்கால நாளில் மெஷினுக்கு மட்டும் சரியாக இருக்கும், மிச்சமே இருக்காது. ஹனாதியிடம் மறைக்காமல் சொன்னேன்.

"மேகம் மூடினா ஒன்றரை நாள் தாங்கும். அதுக்கு மேல சிலிண்டர்தான். நம்மகிட்ட இருக்கறது ரெண்டு, ஒண்ணுக்கு எட்டு மணி நேரம்."

"அதுக்கப்புறம்?"

நஸீஹ்தான் சொன்னார்: "அதுக்கப்புறம் நான் மூச்சு விடறதைக் கொஞ்சம் சிக்கனம் பண்ணிக்கறேன்." ஹனாதி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

பிப்ரவரி முதல் வாரத்தில் வேலை முடிந்தது. அன்று மதியமே ஹனாதி வீட்டு ஜெனரேட்டர் லைனை அபூ தாஹர் வெட்டினார். பத்து நாள் வெயில் நன்றாக அடித்தது. பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை நண்பகலில், கடலிலிருந்து மேகம் ஏறியது. வெள்ளிக்கிழமை வரை புயல் என்றது வானொலி.

புதன் காலை எட்டு மணிக்கு ஹனாதியின் போன்.

"உஸ்தாத், இன்வெர்ட்டர் பெட்டியில சிவப்பு விளக்கு எரியுது. பேட்டரி முப்பத்தொண்ணுன்னு காட்டுது. பேனல்ல இருந்து ஒண்ணுமே வரலை, சைபர்."

சைபர் வரக்கூடாது. எவ்வளவு மேகம் இருந்தாலும் பகலில் கொஞ்சமாவது வரும். மழையில் ஓடினேன்.

மொட்டை மாடிக்குப் போனதும் கண்ணில் பட்டது. நான்காவது பேனலின் நடுவில் ஒரு துளை. அதைச் சுற்றிக் கண்ணாடி சிலந்தி வலை போல வெடித்திருந்தது. உள்ளே தண்ணீர் இறங்கி மின்சாரம் கசிய, இன்வெர்ட்டர் ஆபத்து என்று ஆறு பேனலையும் நிறுத்திவிட்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் எங்கோ சுட்ட சத்தம் எனக்கும் கேட்டதுதான். கல்யாணமோ, வேறு எதுவோ. பேனலுக்கடியில் நசுங்கிய தோட்டா கிடந்தது. தோட்டாவைப் பார்த்தால் அது வந்த திசை தெரிவதில்லை.

உடைந்த பேனலைக் கழற்றி மற்ற ஐந்தையும் இணைக்க வேண்டும். மேகமாக இருந்தாலும் அந்தக் கம்பிகளில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும், ஈரக்கையோடு தொட்டால் பிடித்துக்கொள்ளும். பேனல் பக்கத்துச் சுவிட்சுகளை அணைத்துவிட்டு, ரப்பர் கையுறையோடு மண்டியிட்டேன். கைப்பிடிச் சுவருக்கு மேலே என் தலை நீட்டிக்கொண்டிருந்தது. எதிர்த் தெருவில் ஒரு கடைக் கூரைக்குக் கீழே ஹைஸம் நின்றான், சிகரெட் பிடித்தபடி, மேலே பார்த்தபடி. பத்து நிமிட வேலை எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. முதுகில் ஒரு குறிப்பிட்ட இடம் எரிந்துகொண்டே இருந்தது, அங்கேதான் தோட்டா விழப்போகிறது என்பது போல. மூன்று தடவை கீழே இறங்கிப் போய்விடலாமா என்று நினைத்தேன். மழைச் சத்தத்துக்குள் அந்த மெஷினின் இரைச்சல் கேட்பது போலவே இருந்தது. அதனால்தான் இறங்கவில்லை, தைரியத்தால் இல்லை.

பதினொரு மணிக்குப் பேனல்களிலிருந்து மறுபடி மின்சாரம் வந்தது. வெறும் இருநூற்றைம்பது வாட். பேட்டரி இருபது சதவீதம். மெஷினை நிறுத்தி நஸீஹுக்கு முதல் சிலிண்டரை மாட்டினோம். அது ஓடும் நேரத்தில் பேட்டரி கொஞ்சம் ஏறட்டும். ஒரு காகித அட்டையில் நேரங்களைக் கூட்டினேன். சிலிண்டர், பேட்டரி, இரண்டாவது சிலிண்டர். நாளைக் காலை ஒன்பது மணி வரை போகும். ஒன்பது மணிக்கு வெளிச்சம் வந்துவிடும்.

இரண்டாவது சிலிண்டரின் மீட்டரைத் தட்டினேன். முள் பாதியில்தான் நின்றது.

"கடைக்காரன் நிறைச்சுத்தான் கொடுத்தான்" என்றாள் ஹனாதி. அவள் உதடு வெளுத்துப் போயிருந்தது. "நான் திறந்து பாக்கலை. உஸ்தாத், நான் பாக்கலையே!"

சிலிண்டர் கடைக்குப் போன் செய்தேன். சாலையில் இடுப்பளவு தண்ணீர், சிலிண்டர் வண்டி வராது என்றார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. அட்டையில் மறுபடி கூட்டினேன். காலை ஐந்து மணி. ஐந்திலிருந்து ஒன்பது வரை ஒன்றுமே இல்லை. அட்டையை நஸீஹ் கேட்டு வாங்கிப் பார்த்தார். அன்று அவர் தமாஷ் எதுவும் பண்ணவில்லை.

"பெய்ரூத்துக்கு எண்பது கிலோமீட்டர்" என்றார். "பெட்ரோல் முள் கீழ விழுந்த பிறகும் வண்டி கொஞ்ச தூரம் ஓடும் உஸ்தாத். எவ்வளவு தூரம்னு எவனுக்கும் தெரியாது. அந்தக் கொஞ்ச தூரத்துலதான் வேர்த்துக் கொட்டும்."

நான்கரைக்கு வெளிச்சம் மங்கியது. ஐந்து மணிக்குத் தெரு ஜெனரேட்டர் உறுமித் தொடங்கியது. பதினொன்று வரை ஓடும். எங்களைத் தவிர எல்லோருக்கும்.

அப்போது பால்கனியில் ஏதோ தட்டியது. போய்ப் பார்த்தேன். மேல்மாடியிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் மழையில் ஆடிக்கொண்டு தொங்கியது, நுனியில் பிளாஸ்டிக் பை சுற்றி. மதாம் ஓதெத்தின் குரல்: "பிடிச்சுக்கோ! என்ன பாத்துட்டு நிக்கிறே?"

இன்வெர்ட்டரில் செருகி, சிலிண்டரை மூடிவிட்டு மெஷினை மறுபடி ஓட்டினேன். ஜெனரேட்டர் ஓடும் ஆறு மணி நேரம் மெஷின் அதில் ஓடினால், இடைவெளி அடைபட்டுவிடும்.

அரை மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. ஹைஸம். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அந்த வயர் யாரோடது?"

படிக்கட்டில் செருப்புச் சத்தம். மதாம் ஓதெத் வீட்டு கவுனோடு இறங்கி வந்தார்.

"என்னோடது. ஜெனரேட்டர்ல அஞ்சு ஆம்பியருக்கு மாசாமாசம் கொட்டிக் கொடுக்கறேன். அதுல நான் மிக்ஸி ஓட்டறேனோ மூச்சு ஓட்டறேனோ, உனக்கென்னடா?"

"முதலாளி விட மாட்டார் மதாம்."

"போய்ச் சொல்லு. கூடவே உன் அம்மாகிட்டயும் சொல்லு, இன்னிக்கு என்ன வேலை பாத்தேன்னு."

அவன் உள்ளே எட்டி நஸீஹைப் பார்த்தான். பிறகு படியிறங்கினான். நாங்கள் காத்திருந்தோம். ஹனாதி என் சட்டைக் கையைப் பிடித்திருந்தது அவளுக்கே தெரியாது.

ஆறேகாலுக்கு அந்தக் கட்டடம் மட்டும் முழுக்க இருண்டது. மாடிப்படி விளக்கு, மேல் கீழ் பால்கனிகள், எல்லாம். இன்வெர்ட்டருக்குள் ஒரு "டக்". மெஷினின் இரைச்சல் ஒரு இம்மிகூடத் தடுமாறவில்லை. உயிர் லைனைப் பேட்டரி ஏற்றுக்கொண்டிருந்தது. ஆனால் முப்பதிலிருந்து அது கீழே எண்ணத் தொடங்கியது. இருபத்தொன்பது. இருபத்தெட்டு.

படிக்கட்டில் கதவுகள் திறந்தன. ஒவ்வொரு மாடியிலும் யாரோ கேட்டார்கள், மதாம் ஓதெத் மேலிருந்து கீழ் வரை எல்லோருக்கும் கேட்கப் பதில் சொன்னார். முதல் மாடி இறைச்சிக் கடைக்காரர் பால்கனிக்குப் போய்த் தெருவைப் பார்த்துக் கத்தினார்: "அபூ தாஹர், பத்து மீட்டரையும் நாளைக்கே கழட்டி எடுத்துட்டுப் போ! நாங்க எல்லாரும் சோலார் கண்ணாடி வச்சுக்கறோம்!" இன்னொரு பால்கனி சேர்ந்துகொண்டது, பிறகு இன்னொன்று. எனக்கு அப்போதும் பயம்தான். யாராவது சுட்டால் என்ன செய்வது என்று ஹனாதியை ஜன்னலிலிருந்து இழுத்துவிட்டேன்.

நாற்பது நிமிடம். பேட்டரி இருபத்தேழைக் காட்டியபோது விளக்குகள் வந்தன. யாரும் கைதட்டவில்லை. கதவுகள் மூடப்பட்டன.

பதினொன்றுக்கு மேல் பேட்டரி, பிறகு முதல் சிலிண்டரின் மிச்சமும் அந்த அரைச் சிலிண்டரும். விடியும்போது நஸீஹின் நகங்கள் லேசாக நீலமாக இருந்தன. வியாழன் பத்து மணி சுமாருக்கு மேகத்தில் ஒரு கிழிசல் விழுந்து, ஐந்து பேனலும் ஒரேயடியாக இரண்டாயிரம் வாட்டைத் தொட்டன. ஹனாதி தரையில் உட்கார்ந்து அழுதாள். நஸீஹ் தூங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் மதாம் ஓதெத்தின் பங்கில் மூன்று பேனல் வைத்தேன், உடைந்ததையும் மாற்றினேன். புகார் எழுதிக்கொண்ட போலீஸ் அதிகாரி "வழிதவறிய தோட்டா" என்று குறித்தார். இருக்கலாம். யார் சுட்டது என்று இன்றுவரை தெரியாது. நான் போல்ட் முடுக்கிய நேரம் முழுக்க எதிர்த் தெருவில் ஹைஸம் நின்றான். மதாம் ஓதெத் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, எனக்கும் தெருவுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டே வேலை முடியும்வரை நகராமல் இருந்தார்.

நஸீஹ் அந்தக் குளிர்காலத்தையும் அடுத்ததையும் தாண்டினார்.