இருபதாவது ஆள்

நாகவல்லி நான்கு வருஷமாகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தாள். முதல் வருஷம் சாக்பீஸ், அடுத்தது தையல், அதற்கடுத்தது மெழுகுவத்தி. இப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் மறுபடியும் சாக்பீஸ். கற்றதையே இன்னும் எத்தனை தரம் கற்பாள் என்று அவளுடைய அக்கா அக்கம்மாளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஒரே வகுப்பில் மூன்று வருஷம் உட்கார வைத்துவிட்டு, “இதுக்குப் படிப்பு ஏறாது” என்று வீட்டுக்கு அனுப்பிய பள்ளிக்கூட வாத்தியாரே தேவலை. அவர் ஒரேயடியாகக் கைகழுவினார். இவர்கள் விடவும் மாட்டேன் என்கிறார்கள், வேலையில் சேர்க்கவும் மாட்டேன் என்கிறார்கள்.

இவர்கள் என்றால் செக்காலை ரோட்டு மாதர் சங்கம். காரியதரிசி உமையாள் ஆச்சி. நல்ல மனுஷி, தொல்லையே அதுதான். கெட்டவளாக இருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம். ஆச்சியோ கண்டதும் “சாப்பிட்டியா” என்பாள். தீபாவளிக்கு நாகவல்லிக்குச் சேலை எடுத்துத் தருவாள். வருஷா வருஷம் ஆள் அனுப்பி வகுப்புக்குக் கூப்பிடுவாள். இருபது பேர் இருந்தால்தான் சர்க்கார் மானியம். பத்தொன்பதில் முக்கிக்கொண்டு நிற்கும் வகுப்புக்கு இருபதாவது ஆள் நாகவல்லி. கல்யாணம் என்று நடுவில் நிற்க மாட்டாள், வேலை எங்கே என்று கேட்க மாட்டாள். இதைவிடத் தோதான ஆள் எங்கே கிடைக்கும்?

நாகவல்லிக்கு வயது இருபத்திரண்டு. இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் திகைத்து நின்றுவிடுவாள். ஒவ்வொன்றாகச் சொன்னால் முடித்துவிட்டுத்தான் நிமிர்வாள். யாராவது சத்தம் போட்டால் காதைப் பொத்திக்கொள்வாள். அப்பனும் ஆத்தாளும் போன பிறகு அவளுக்கு அக்கம்மாள்தான் எல்லாம். அக்கம்மாளுக்கோ பள்ளிக்கூட மதிய உணவில் சமையல் வேலை, மூன்று பிள்ளைகள். “எனக்குப் பின்னாடி இவளுக்கு யாரு சோறு போடுவா” என்ற நினைப்பு உலையில் அரிசி போடும்போதெல்லாம் வந்துவிடும்.

சங்கத்து முற்றத்தின் மறுபக்கத்திலேயே சாக்பீஸ் செய்து பள்ளிக்கூடங்களுக்கு விற்றார்கள். ஆறு பெண்கள் கூலிக்கு இருந்தார்கள், மேற்பார்வைக்குச் சுபைதா. ஏழாவதாக ஒருத்தி வேண்டும் என்று காதில் விழுந்ததும் அக்கம்மாள் ஆச்சியிடம் போனாள்.

“ஆச்சி, அந்த எடத்த நாகவல்லிக்குக் குடுங்க.”

“அவளுக்கு எதுக்குத்தா வேலை? பாவம். வகுப்புக்கு வந்தா அவளுக்கும் பொழுது போகுதுல்ல.”

“நாலு வருசமாப் படிச்சது பொழுது போகவா?”

“கோவப்படாத. எட்டாப்புப் படிச்ச பிள்ளையாப் பாக்கச் சொல்லியிருக்கேன்.”

“சாக்பீசு செய்யத்தான ஆள் கேக்குறீக? வாங்கிட்டுப் போறவுக எழுதிக்கிருவாக.”

ஆச்சி சிரித்தாள். காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். அக்கம்மாள் குடிக்காமல் வந்தாள்.

வியாழக்கிழமை மதுரையிலிருந்து அதிகாரி வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. எண்ணட்டும், பத்தொன்பது என்று எண்ணட்டும், அப்போது தெரியும் இவள் அருமை என்று அக்கம்மாள் கருவிக்கொண்டாள். அன்று காலை, “இன்னைக்கு வகுப்பு வேணாம், வீட்டுலயே இரு” என்று தங்கையிடம் மூன்று தரம் சொல்லி, வாசல் கதவை வெளியே நாதாங்கி போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். நாகவல்லி கொல்லை வேலியைத் தாண்டிப் போய்விட்டாளாம்.

பாதி வெந்த சோற்றைக் கூட இருந்தவளிடம் விட்டுவிட்டு அக்கம்மாள் ஓடினாள். போய்ப் பார்த்தால், கடைசி வரிசையில் தன் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள் நாகவல்லி. அதிகாரி எண்ணியும் முடித்துவிட்டார். அக்கம்மாளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இப்படி ஒரு தங்கச்சியை வைத்துக்கொண்டு யாராவது போராட்டம் நடத்த முடியுமா?

அதிகாரி ஒவ்வொருத்தியிடமும் என்ன கற்றாய் என்று கேட்டுக்கொண்டே வந்தார். நாகவல்லியின் முறை வந்தது. அவள் தரையைப் பார்த்தாள்.

“அவ கொஞ்சம் அப்படித்தான் சார். பாவமேன்னு சேத்திருக்கு” என்றாள் ஆச்சி அவசரமாக.

“இருபது பேர் வேணும்” என்றாள் நாகவல்லி. “இல்லைன்னா வகுப்பு இல்ல. அதுக்குத்தான் நான்.”

குரலில் கோபம் இல்லை. நான்கு வருஷமாகத் தன்னை வைத்துக்கொண்டே மற்றவர்கள் பேசியதைத்தான் திருப்பிச் சொன்னாள். ஆச்சியின் முகம் சிவந்துவிட்டது. அக்கம்மாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இவளுக்கு இது தெரியும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. விறுவிறுவென்று உள்ளே வந்தாள்.

“சார், சாக்பீசு இவளுக்கு ரெண்டாந்தடவ. அந்தா அங்குட்டு ஒரு எடம் காலியாக் கெடக்கு. செய்யச் சொல்லிப் பாருங்க. தெரியலைன்னா நானே கூட்டிட்டுப் போயிர்றேன்.”

அதிகாரி தர்மசங்கடத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். “சரி, செய்யட்டும்” என்றார். எல்லாரும் முற்றத்தைத் தாண்டிச் சாக்பீஸ் செய்யும் பக்கம் போனார்கள்.

சுபைதாவுக்கு அவளிடம் பேசும் விதம் தெரியும். அச்சைத் துடைக்கச் சொன்னாள். துடைத்து முடித்ததும் எண்ணெய் தடவச் சொன்னாள். பிறகு சாக்பீஸ் மாவைக் கரைக்க, பிறகு அச்சில் ஊற்ற. ஊற்றிக் கொஞ்ச நேரத்தில், “எடுக்கலாமே” என்றார் அதிகாரி. நாகவல்லி விரலால் தொட்டுப் பார்த்து, “இறுகல” என்றாள். மதுரை அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்றார். அச்சைத் திறந்தபோது நாலைந்து உடைந்திருந்தன. எல்லாருக்கும் உடைவதுதான் என்று சுபைதா சொன்னாள்.

அதிகாரி தன் காகிதத்தைப் புரட்டினார். “பயிற்சி முடிச்சு வேலை கிடைச்சவங்கன்னு ஒரு கட்டம் இருக்கு. இந்த வருஷம் காலியா இருக்கு. ஒண்ணுன்னு போட்டுக்கலாமாம்மா?”

ஆச்சி என்ன செய்வாள்? “போட்டுக்குங்க” என்றாள்.

நாகவல்லிக்காக இல்லை, கட்டம் காலியாக இருந்ததற்காக. நாலு வருஷமாக அக்கம்மாள் தொண்டை வறளக் கத்தியது ஒரு காகிதக் கட்டத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வயிறு எரிந்தது, கண்ணும் நிறைந்தது. நாகவல்லி யாரையும் பார்க்காமல் அடுத்த அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரியை வழியனுப்பிவிட்டு வந்த ஆச்சி, ஏவலாள் பெத்தனைக் கூப்பிட்டாள்.

“பத்தொன்பதுல்ல ஆயிருச்சு. கோவிலூர்ல சிட்டாள்னு ஒரு பிள்ளை இருக்காமே, நம்ம நாகவல்லி மாதிரி. நாளைக்குப் போயி அவ ஆத்தாகிட்டப் பேசு. பாவம், அதுக்கும் பொழுது போகும்.”

சொன்ன குரலில் அத்தனை கனிவு.

பெத்தன் ரோட்டுக்கு வந்ததும் அக்கம்மாள் அவனை மறித்தாள். “அந்தப் பிள்ளை வீடு எந்தத் தெரு?”

“எதுக்கு அக்கா?”

“நீ நாளைக்குத்தான போற. நான் இன்னைக்கே போயி, அவ ஆத்தாள மொத நாளே, படிப்பு முடிஞ்சா வேலைன்னு எழுதி வாங்கச் சொல்லணும்.”