இடப்பக்கச் சுவர்

கீழ்க்கட்டளையில் எங்கள் வாசற்கதவுக்கு வலப்பக்கம் ஒரு பலகை தொங்கியது. கருப்புப் பூச்சில் பொன் எழுத்து, மேலிருந்து கீழாக. இடப்பக்கம் வெறும் சுவர். வீடு கட்டிய நாளிலிருந்து அங்கே ஒரு காலண்டர்கூட மாட்ட விடாத மனிதரோடு குடும்பம் நடத்திப் பாருங்கள், தெரியும்.

என் வீட்டுக்காரர் லாசரஸ் சைகோனில் பிறந்து வளர்ந்தவர். போர் முடிந்து கிளம்பி வந்தபோது பக்கத்து வீட்டு வியட்நாம் வாத்தியார் கொடுத்தனுப்பிய பலகை அது. அவர்கள் ஊரில் இவை ஜோடியாகத்தான் தொங்குமாம். ஒன்றில் ஒரு வரி, மற்றதில் அதற்குப் பதில். சொல்லுக்குச் சொல் எதிரெதிரே நிற்க வேண்டும். வாத்தியார் தன் வரியை மட்டும் செதுக்கிக் கொடுத்து, உனக்கென்று வீடு அமைந்ததும் பதிலை நீயே எழுதி மாட்டிக்கொள் என்றாராம்.

'போனவருக்கு அங்கே வாசல் திறந்திருக்கும்.' அதுதான் அர்த்தம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

பல்லாவரம் தோல் கம்பெனியிலிருந்து வந்ததும் நாற்காலியைப் போட்டு அந்தச் சுவரையே பார்ப்பார். பதில் வரி தோன்றாது. கூடவே நின்று கட்டிய வீட்டை ஒருநாளும் நம்ம வீடு என்றதில்லை. 'உங்க வீடு' என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒருத்தியா நான்?

எண்பத்தொன்பது கிறிஸ்துமஸுக்கு என் அண்ணன் தாவீது ஒரு கடிகாரம் வாங்கிவந்து அந்தச் சுவரில் ஆணியடித்து மாட்டினான். அவன் தெருமுனை தாண்டுவதற்குள் இவர் கழற்றிவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டியோடு வெளியே வந்தேன்.

"போனவருக்கு அங்க வாசல் தொறந்து கீதுன்னு பார்த்துகினே கீறியே, வந்தவருக்கு இங்க அடுப்பு எரிஞ்சுகினு கீது, அது கண்ணுக்குத் தெரியலியா?"

அவர் திரும்பினார். சண்டைக்குத் தயாரானேன். அவரோ விரல் மடக்கினார். போனவர், வந்தவர். அங்கே, இங்கே. வாசல், அடுப்பு. திறந்திருக்கும், எரிந்துகொண்டிருக்கும். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னொரு வாட்டி சொல்லு, ஞானம்மா."

"இன்னாத்த சொல்றது? வந்து துன்னு."

அடுத்த ஞாயிறு கோயில் முடிந்து நேராகத் தச்சரிடம் கூட்டிப்போனார். ஒரே ஒரு வரி, தமிழில் செதுக்க வேண்டும் என்றார். எந்தக் கடைக்கு என்று கேட்டார் தச்சர்.

"கடைக்கு இல்லைங்க. எங்க வீட்டுக்கு."

நான் முந்தானையால் மூக்கைத் துடைத்தேன். இதைச் சொல்ல இத்தனை வருஷமா, பாவி மனுஷனுக்கு?