நூல் உருவிய சாரம்

மெல்பேர்னின் ரோவிலில் இந்திரகுமாரின் கார் வெயிலிலும் மழையிலும் வெளியேதான் நிற்கும். கராஜ் மருமகளுக்கு. இபினாபோ நைஜீரியாவின் போர்ட் ஹார்கோர்ட்டில் பிறந்தவள். மெல்பேர்னுக்குப் படிக்க வந்த இடத்தில் அவருடைய மகன் லக்சனைக் கண்டு, விரும்பி, மணமுடித்தவள். பகலில் ஒரு மருந்துக்கடையில் வேலை. மிச்ச நேரமெல்லாம் கராஜில்தான்.

டண்டினோங் தையற்கடைகளில் கழித்துவிட்ட துண்டுகள், கிழிந்த திரைச்சீலை, யாரோ வீசிய பள்ளிச் சீருடை எல்லாம் அங்கே வந்து சேரும். அவற்றைக் கிழித்துப் பலகையில் ஒட்டி, மேலே பெயின்ட் பூசி, காய்ந்ததும் சுரண்டி, மறுபடி ஒட்டி மனிதர்களை உண்டாக்குவாள். கிட்ட நின்று பார்த்தால் கந்தல். கொஞ்சம் பின்னால் வந்தால் ஒரு பெண் திரும்பிப் பார்ப்பாள். அது எப்படி நடக்கிறதென்று ட்ராம் ஓட்டி ஓய்வுபெற்ற இந்திரகுமாருக்கு விளங்கியதே இல்லை. ஆனாலும் பலகை அறுத்துக் கொடுப்பதும் ஆணி அடிப்பதும் அவர்தான்.

"மாமா, உங்கட பழைய சாரம் இருந்தா எறியாதேங்கோ," என்று ஒருநாள், இந்த வீட்டில் பேசிப் பழகிய தமிழில் கேட்டாள். இடுப்பில் கட்டி நைந்துபோன கட்டம்போட்ட சாரங்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். பெயின்ட் துடைக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்தார்.

சிட்டியில் ஒரு கலைக்கூடம் ஆப்பிரிக்கக் கலைஞர்களின் கண்காட்சிக்கு அவளைத் தெரிவுசெய்தது. அதற்கென்று அவள் செய்தது கராஜ் கூரையைத் தொடும் ஒரு பெண், கையில் பிறந்த குழந்தையோடு. கண்காட்சியைப் பொறுப்பெடுத்து நடத்தும் ரெபேக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து பார்த்தாள். இந்திரகுமார் தேத்தண்ணியோடு உள்ளே போனபோது அவள் தலையை நிமிர்த்திப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முகம் அற்புதம்," என்றாள் ஆங்கிலத்தில். "ஆனால் இந்தப் பாவாடை இந்தியத் துணி மாதிரி இருக்கிறதே. ஆப்பிரிக்கக் கண்காட்சிக்கு வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள். இதன்மேல் உங்கள் ஊர்ப் பளிச்சென்ற பூத்துணி எதையாவது ஒட்டலாமா?"

இந்திரகுமார் அப்போதுதான் பார்த்தார். பாவாடை முழுக்க அவருடைய சாரங்கள்.

"அந்தப் பூத்துணியை எங்களுக்குக் கொண்டுவந்து விற்றது ஹொலண்ட்காரர்," என்றாள் இபினாபோ அமைதியாக. "இந்தக் கட்டம்தான் எங்களுடையது. என் சனம் கலபாரிகள். பிள்ளை பெற்றவள் உடுப்பது இது. மணப்பெண் உடுப்பது இது. செத்தவரைக் கிடத்தும் கட்டிலை அலங்கரிப்பதும் இதுதான்."

ரெபேக்கா தலையாட்டினாள். "நீங்கள் சொல்வதால் எனக்குத் தெரிகிறது. சுவரில் பார்க்கிறவனுக்கு யார் சொல்வது? யோசியுங்கள்." நல்ல பண்போடுதான் சொல்லிவிட்டுப் போனாள்.

குசினியில் இந்திரகுமார் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "பிள்ளை, பிழை என்னில. நான் அந்தச் சாரத்தைத் தந்திருக்கக் கூடாது. மேலால வேற துணி ஒட்டினா என்ன, உனக்கு இது பெரிய இடமெல்லோ."

அவள் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். கட்டிலில் ஒரு இளம்பெண், மடியில் சிவந்த சிசு. "அம்மாவும் நானும்," என்றாள். அவர் இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்தார். அந்தப் பெண்ணின் இடுப்பில் சிவப்பும் நீலமுமான கட்டம். சென்னைக்குப் போனபோது அவரே கடைகடையாய் ஏறி வாங்கிய அதே கட்டம்.

"மெட்ராஸில நெய்தது, மாமா. கப்பல்ல எங்கட ஆத்தங்கரைக்கு வந்தது. நூறு நூறு வருஷமா வருது. ஆனா நாங்க அப்பிடியே உடுக்கிறேல்ல."

கராஜுக்குக் கூட்டிப்போய் ஒரு சாரத் துண்டை விரித்தாள். ஊசி முனையால் வெளிர் நூல் ஒன்றைக் கிளப்பி, பிளேடால் அறுத்து, மெல்ல உருவினாள். இன்னொன்று. பிறகு இன்னொன்று. கட்டம் மறைந்து, வலை போல ஒரு புதுக்கோலம் வெளிவந்தது. அவர் துண்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். அவருடைய சாரம்தான். அவருடைய சாரம் அல்ல.

"நெய்தது உங்கட ஆக்கள். வெட்டினது எங்கட பொம்பிளையள்," என்றாள். "பாவாடை முழுக்க இப்பிடி வெட்டினதுதான். இதை மூடினா நான் என்னத்தைக் காட்ட?"

"மூட வேண்டாம்," என்றார் இந்திரகுமார். "முழுசாவே கொண்டு போவம். மகாதேவனிட்ட சாமான் ஏத்திற வான் இருக்கு."

படம் இருக்கிறபடியே வரும், இல்லாவிட்டால் தான் வரவில்லை என்று அவள் ரெபேக்காவுக்கு எழுதினாள். கொண்டுவாருங்கள், மாட்டிப் பார்த்து முடிவு செய்வோம் என்று பதில் வந்தது.

நண்பர் மகாதேவனின் வானில் படத்தை ஏற்றிக்கொண்டு கலைக்கூடத்துக்குப் போனார்கள். அங்கே இபினாபோ சுவரைக் கேட்கவில்லை. உயரமான யன்னலுக்கு முன்னால், கூரையிலிருந்து தொங்கவிடச் சொன்னாள். பாவாடைக்குப் பின்னால் அவள் பலகையே வைத்திருக்கவில்லை. படம் மேலே ஏறியதும், நூல் உருவிய இடமெல்லாம் வெளிச்சம் புகுந்தது. பாவாடை ஆறு மாதிரி ஓடியது. தாய் தண்ணீரில் நிற்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ரெபேக்கா கிட்டப் போனாள், பின்னால் வந்தாள், மறுபடி கிட்டப் போனாள்.

"இது இங்கேயே நிற்கட்டும்," என்றாள். "நுழைகிறவர் முதலில் காண வேண்டியது இது. என்னென்ன பொருட்களால் செய்தது என்று விவர அட்டையில் எழுதுவது?"

"பழைய சாரம், கலபாரி வெட்டு, அக்ரிலிக் பெயின்ட்."

"சாரம் என்றால்?"

"சாரம் என்றே எழுதுங்கள்," என்றாள் இபினாபோ. எழுத்தெழுத்தாக அவளே சொல்லிக் கொடுத்தாள். இந்திரகுமார் அந்த எழுத்துகளைத் தானும் மெல்லச் சொல்லிப் பார்த்தார். யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திறப்புவிழா சனிக்கிழமை பின்னேரம். கலபாரிப் பெண்கள் பவளமாலையும் கட்டத்துணியுமாகக் கூட்டமாய் வந்தார்கள். அவர்களில் மூத்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கையை வாயில் வைத்தபடி பாவாடையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு தங்கள் மொழியில் ஏதோ சொல்லி இபினாபோவை இறுக அணைத்தாள். மற்றவர்கள் பாடத் தொடங்கினார்கள். யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ரெபேக்கா ஓரமாய் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மகாதேவன் காதோடு கேட்டார்: "என்ன இந்திரன், இவை எங்கட சாரத்தைக் கட்டிக்கொண்டு வந்திருக்கினம்?"

"அவையின்ர துணி, மகாதேவன். எங்களட்டையும் கொஞ்சம் கிடக்கு."

பேச அழைத்தபோது இபினாபோ மைக்கைப் பிடித்து, கூட்டத்தில் தேடி, தமிழிலேயே கூப்பிட்டாள். "மாமா, முன்னால வாங்கோ." லக்சன் அவர் முதுகில் கைவைத்துத் தள்ளினான். இந்திரகுமார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். அவ்வளவு பேருக்கு முன்னால் அவர் வாழ்நாளில் நின்றதில்லை, ஆனால் தலை தானாகவே நிமிர்ந்தது. மூத்த பெண்மணி மடித்த கட்டத்துணி ஒன்றை அவர் தோளில் போட்டாள்.

திரும்பும் வழியில் பெற்றோல் அடிக்க இறங்கியபோதும் அந்தத் துணியை அவர் தோளிலிருந்து எடுக்கவில்லை. உள்ளே கல்லாவில் இருந்த இளைஞன் ஒருமுறை தோளைப் பார்த்தான்.

"என் மருமகளின் ஊர்த் துணி," என்றார் ஆங்கிலத்தில், அவன் கேட்காமலேயே. "அவள் பெரிய ஆர்ட்டிஸ்ட். சிட்டிக்குப் போனால் ஒருமுறை போய்ப் பாருங்கள்."