தொப்பியில் எந்தச் சின்னம்

சவப்பெட்டியின் மேல் வைக்கவேண்டிய அணிவகுப்புத் தொப்பி சாப்பாட்டு மேசையில் இருந்தது. அதன் முன்பக்கத்துப் பித்தளைச் சின்னத்தை சார்ஜென்ட் நகத்தால் தட்டினார்.

"இது பழைய பிரிவோட சின்னம்மா. போன மாசமே உங்க வீட்டுக்காரரை எங்க பிரிவுக்கு மாத்தியாச்சு. விதிப்படி புதுசுதான் இருக்கணும்." சட்டைப்பையிலிருந்து பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார்.

இறந்தவரின் மனைவி தொப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பத்தொன்பது வருடமாக, ஞாயிறு தவறாமல், பழைய பல்துலக்கியால் கணவர் தேய்த்த தேய்ப்பில் அந்தச் சின்னத்துக் குதிரை காதெல்லாம் மழுங்கி நாய்க்குட்டிபோல் ஆகியிருந்தது. அதைக் கழற்றிவிட்டால், வேறு யாருடைய தொப்பியையோ வைத்து அவரை அனுப்பியதாகத்தான் ஆகும்.

"இதுவே இருக்கட்டுமே, சார்."

"என் கையில இல்லம்மா. வண்டி வர்ற நேரமாச்சு."

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "எங்கண்ணன் அந்தப் புதுசைக் கையால தொட்டதுகூட இல்ல. அதைப் போயி அவர் தலையில கட்டுறீங்களே!"

சார்ஜென்ட் நிமிர்ந்தார். "தொட்டதில்லையா? அணிவகுப்புல கமாண்டர் கையால வாங்கியிருப்பாரே?"

"எங்க வாங்கினாரு! அன்னிக்குப் பல்வலின்னு படுத்துட்டாரு" என்றாள் மனைவி.

சார்ஜென்ட் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. எழுத்துக் கூட்டுவதுபோல் மெதுவாகப் படித்தார்: "புதிய சின்னத்தைக் கமாண்டர் நேரில் வழங்கும்வரை முந்தைய சின்னமே அணியப்படும்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ அவர் இன்னும் பழைய பிரிவு ஆளுதாம்மா. இந்தச் சின்னமே இருக்கலாம்."

அவளால் நம்ப முடியவில்லை. கூடவே இன்னொன்று மனதை உறுத்தியது. சொல்லாமல் இருக்கலாம்தான்.

"சார்... அது நிஜப் பல்வலி இல்ல. பழைய சின்னத்தை விட மனசில்லாம, கன்னம் வீங்கின மாதிரி பஞ்சை அடக்கிக்கிட்டுப் போயி லீவு வாங்கினாரு. அந்தப் பொய்க்காக நான் ரெண்டு நாள் அவர்கூடப் பேசவே இல்ல."

"அண்ணி! வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கமாட்டியா?" நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

சார்ஜென்ட்டின் மீசை லேசாகத் துடித்தது. "வாங்கினாரா இல்லையான்னுதாம்மா புத்தகம் கேக்குது. ஏன் வாங்கலைன்னு கேக்கல." புதுச் சின்னத்தைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

அவர் இறந்த மூன்று நாளாக அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது.

"பஞ்சாம்ல, பஞ்சு!" என்று நாத்தனார் அழுகையினூடே சிரித்தாள். "எனக்குப் பசிக்குது அண்ணி."

"எனக்கும்தான்" என்றாள் அவள், தானே ஆச்சரியப்பட்டு.