ஓரம் வெட்டாத புத்தகம்

கன்னிமாரா நூலகத்தின் வாசலில் குடையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கைப்பையையும் வாங்கிக்கொண்டார்கள். தொப்பியைக் கழற்றச் சொல்லவில்லை. என் சிவப்புத் துருக்கித் தொப்பியின் உள்பட்டைக்குள், காகித உறை பிரிக்காத ஒரு சவர பிளேடு இருந்தது.

"உள்ள பேசக் கூடாது பாய். இன்னா புஸ்தகம் வோணுமோ சீட்டுல எழுதிக் குடுத்தா நான் எடுத்தாருவேன்" என்றான் காக்கிச் சட்டை போட்ட சிப்பந்தி. ஞானதுரை என்று பெயர் சொன்னான். நான் தலையசைத்துவிட்டு உள்ளே போனேன். ராயபுரத்தில் பிறந்து அறுபது வயதைத் தாண்டியவன் நான். எழும்பூரில் இப்படி ஒரு கட்டடம் இருப்பது தெரியும், உள்ளே போனதில்லை. பள்ளிவாசலைத் தவிர இத்தனை உயரமான கூரையின் கீழ் நான் நின்றதில்லை. மேலே வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கி, காலேஜ் பையன்களின் வெள்ளைச் சட்டை மேல் பச்சையாகவும் மஞ்சளாகவும் விழுந்துகொண்டிருந்தது. சுவர் முழுக்கத் தேக்கு அலமாரிகள். இத்தனை புத்தகங்களுக்கு நடுவில் என் வாப்பாவை அவமானப்படுத்திய புத்தகமும் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எழுதியவன் பக்தவச்சலம். துறைமுகத்தில் சரக்கு எண்ணும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் படகுகள் ஏற்றி இறக்கிய மூட்டைகளை எண்ணித்தான் அவன் வீட்டில் உலை கொதித்தது. ஓய்வுக்குப் பிறகு அவனுக்கு எழுத்து வந்துவிட்டது. ராயபுரம் கரையில் தான் கண்டது கேட்டதையெல்லாம் தொகுத்துப் புத்தகமாகப் போட்டான். அதில் ஒரு அத்தியாயம், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான வருஷத்தைப் பற்றியது. படகுக்கார மஜீது மரைக்காயர், பெண்டாட்டியின் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, பெண்பிள்ளை மாதிரி மாட்டுவண்டியில் ஒடுங்கி உட்கார்ந்து, எல்லாருக்கும் முன்னால் ஊரை விட்டு ஓடினார் என்று எழுதியிருந்தான்.

மஜீது மரைக்காயர் என் வாப்பா. அந்த வண்டியில் நானும் இருந்தேன். படகுக்காரர்களும் அவர்கள் குடும்பங்களும் கரையை விட்டுப் போன பிறகுதான் வாப்பா கிளம்பச் சம்மதித்தார். அதற்குள் அவருக்கு மலேரியா ஜுரம் ஏறிவிட்டது. பல் கிட்டி, வண்டிச் சட்டம் அதிர நடுங்கினார். போர்வைகளை மூட்டை கட்டி வேறு வண்டியில் ஏற்றிவிட்டதால், உம்மா தன் தோளில் கிடந்த வெள்ளைத் துப்பட்டியை எடுத்து அவர் தலையோடு போர்த்தினாள். துறைமுக வாசலில் நின்ற பக்தவச்சலம் எங்கள் வண்டி திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தது இவ்வளவுதான். மீதியை அவனே சேர்த்துக்கொண்டான்.

வாப்பா மவுத்தாகிப் பத்து வருஷம் ஆகிறது. அவர் உயிரோடு இருந்தவரை அவர் எதிரில் செருப்புப் போட்டு நடக்காதவர்கள் இந்தக் கதையைப் படித்துச் சிரித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்தவர்கள் சொன்னார்கள். என் மகளைக் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து சம்பந்தி வீட்டார் முதல் தடவையாக விருந்துக்கு வந்த அன்று, அவர்களை ஏற்றி வந்த ஜட்கா வண்டிக்காரன் தெருமுனையில் குதிரையை நிறுத்தி, "எந்த வூடு, துப்பட்டி வூடா?" என்று கேட்டானாம். வாசலில் வண்டியை விட்டு இறங்கிய சம்பந்தி அம்மாள் அதை என்னிடமே சொல்லிச் சிரித்தாள். என் மனைவி அஜீசுன்னிசா அன்று யாருக்கும் பரிமாறவில்லை. அடுப்படியிலேயே நின்றுகொண்டாள்.

மறுநாளே ஆட்களை விட்டு, கடை கடையாக அந்தப் புத்தகத்தை வாங்கச் சொன்னேன். ஒன்று விடாமல் வாங்கிக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். படகுக்குப் பூசத் தார் காய்ச்சும் அடுப்பு எங்கள் கொட்டகையில் எப்போதும் எரியும். அதில் போட்டேன். பக்கங்கள் சுருண்டு கருகும்வரை பக்கத்தில் நின்றேன். காசிமேட்டிலிருந்து தண்டையார்பேட்டை வரை அந்தப் புத்தகம் ஒன்றுகூடக் கிடைக்காது என்று நிம்மதியாக இருந்தேன். அப்புறம்தான் வக்கீல் சௌக்கத் அலி சொன்னார்: "அச்சடிக்கிற புஸ்தகத்துல ஒரு பிரதி கன்னிமாராவுக்குப் போயிடும் பாய். அங்க போனது அங்கேதான் இருக்கும். நம்ம பேரப் பிள்ளைங்க காலத்துலயும் இருக்கும்."

என் பேரப்பிள்ளைகள் அதைப் படிக்கக்கூடாது. அதற்காகத்தான் தொப்பியில் பிளேடோடு வந்தேன்.

"இந்த ஒரு பிரதிதான் கீது பாய்" என்று ஞானதுரை புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். நான் எரித்ததற்கு நீல அட்டை. இதற்குப் பச்சை. உள்ளே 'இரண்டாம் பதிப்பு' என்று போட்டிருந்தது. அதன் கீழே ஒரு புது முன்னுரை. முதற் பதிப்பை எதிர்பாராத வேகத்தில் வாங்கித் தீர்த்து, இந்த எளியவனை ஊக்குவித்த ராயபுரத்துப் பெருமக்களுக்கு நன்றி என்று எழுதியிருந்தான்.

நான் அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அந்தப் பெருமக்கள் நான் ஒருவன்தான். என் வாப்பாவின் அவமானத்தை மறுபடி அச்சில் ஏற்ற நானே கூலி கொடுத்திருக்கிறேன். எதிரில் உட்கார்ந்திருந்த பையன் ஒருவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் மூச்சு விட்ட சத்தம் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பிளேடை விரலிடுக்கில் எடுத்து, வாப்பாவின் பக்கத்தைத் தேடினேன். தாள் புரளவில்லை. பக்கங்கள் ஓரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிய மடிப்பாகவே இருந்தன. அச்சகத்தில் தைத்து அட்டை போட்டதும், மெஷினில் ஓரம் வெட்டாமலே அவசரத்தில் அனுப்பியிருக்கிறார்கள். மடிப்பைக் குழலாக விரித்து உள்ளே எட்டிப் பார்த்தேன். இருட்டுக்குள் 'துப்பட்டி' என்ற சொல் தெரிந்தது. முன்னுரையைத் தாண்டி எந்த மடிப்பும் பிரியவில்லை. புத்தகத்துக்கு முதுகுகூட வளையவில்லை.

ஞானதுரை பின்னால் வந்து நின்றான். நான் பிளேடைக் கையால் மூடினேன்.

"ஓரம் வெட்டாத புக்கு பாய் இது. கீசினாத்தான் படிக்க முடியும். ஆபீஸ்ல கத்தி கீது, எடுத்தாரட்டா?"

"இதுக்கு முன்னால யாரும் இதைக் கேக்கலையா?"

"கேட்டிருந்தா கீசியிருப்பாங்களே" என்றான்.

நான் பக்கத்தை அறுக்கவில்லை. அறுக்க வேண்டுமானால் முதலில் பிரிக்க வேண்டும். பிரித்தால் பக்தவச்சலத்துக்கு இந்தக் கட்டடத்தில் ஒரு வாசகன் கிடைத்துவிடுவான். அதுவும் மஜீது மரைக்காயரின் மகன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குடையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். எழும்பூர் வெயிலில் நடக்கும்போது வேறு வழி ஒன்று மனதில் தெளிவாகத் தெரிந்தது. பொறுமையாகச் செய்ய வேண்டிய வழி.

பக்தவச்சலம் வீட்டு வாசலை நான் மிதித்ததே இல்லை. அந்த வாரம் போனேன். சண்டைக்கு வந்தேன் என்று நினைத்து அவன் எழுந்து நின்றான். கட்டிலுக்கு அடியில் பச்சை அட்டைகள் சணல் கயிற்றால் கட்டுக் கட்டாகக் கிடந்தன. நான் சிரித்தேன். சிரிப்பதற்குச் சிரமமாகத்தான் இருந்தது.

"நடந்தது நடந்துபோச்சு ரைட்டரே. உங்க புஸ்தகம் கன்னிமாராவுல கீதாமே. ராயபுரத்துக்கே பெருமை. ஒரு நாள் கார் வெச்சிக்கினு போய்ப் பாத்துட்டு வரலாம். உங்க சம்பந்தியையும் கூப்டுங்க."

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பெருமை சந்தேகத்தை ஜெயித்துவிட்டது. அவன் சம்பந்தி ஜெயவேல், பெரம்பூர் ரயில் கேரேஜ் ஒர்க்ஸில் ஃபோர்மேன். வசதியான குடும்பம். பெண்ணைக் கொடுத்த நாளிலிருந்து இவன் தன் புத்தகத்தைப் பற்றித்தான் அந்த மனிதரிடம் பேசிக்கொண்டிருக்கிறான் என்பது எனக்குத் தெரியும்.

மூன்று பேரும் போனோம். பக்தவச்சலம் சரிகைக் கரை போட்ட அங்கவஸ்திரம் போட்டிருந்தான். காரிலிருந்து இறங்கியதும் ஜெயவேலிடம் அந்தக் கட்டடத்தைத் தானே கட்டியவன் மாதிரி காட்டினான். "உலகத்துல இருக்கிற பெரிய பெரிய ஆளுங்க புக்கெல்லாம் இங்க தான் கீது சம்பந்தி. அதுங்களோட நம்மளுதும் கீது." உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினானே ஒழிய பேச்சை நிறுத்தவில்லை. சீட்டை அவனே எழுதினான். தன் பெயரை எழுதிவிட்டு, மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞானதுரை புத்தகத்தோடு வந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். "மறுபடியும் இதானா பாய்? அன்னைக்கி கீசாமயே குடுத்துட்டுப் போனீங்களே."

பக்தவச்சலம் அட்டையைத் திறந்து, முன்னுரையைத் தாண்டிப் புரட்டப் பார்த்தான். தாள் வரவில்லை. மறுபடி பார்த்தான். ஜெயவேல் குனிந்து, இயந்திரத்தில் சிக்கிய துணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இன்னாது, ஒட்டிக்கினு கீது?" என்றார்.

"ஓரம் வெட்டாதது சார்" என்றான் ஞானதுரை. "யாராச்சும் படிச்சிருந்தா கீசியிருப்பாங்க. யாரும் கேக்கல." சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டான். அவன் மனதில் எந்த வன்மமும் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது.

ஜெயவேல் ஒட்டிய தாளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "மொத பதிப்பு மொத்தமும் வித்துப்போச்சுன்னு சொன்னீங்களே சம்பந்தி. அதெல்லாம் யாரு வாங்கினாங்க?"

"நான் வாங்கினேன்" என்றேன். "வாங்கித் தார் அடுப்புல போட்டேன்."

இந்த வார்த்தையைச் சொல்வதற்காகத்தான் நான் கார் பிடித்தேன், அவன் வீட்டு வாசலை மிதித்தேன், சிரித்தேன். பக்தவச்சலம் என்னைப் பார்க்கவில்லை. மேஜையின் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயவேல் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

நான் தொப்பியை எடுத்தேன். உள்பட்டையிலிருந்து பிளேடை எடுத்து, உறையைப் பிரித்து, புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"கீசுங்க ரைட்டரே. எங்க வாப்பா இந்த மடிப்புக்குள்ள தான் கீறாரு. நீங்க எழுதினதை நீங்களே பிரிங்க. சம்பந்தி படிக்கட்டும். நானும் இருக்கேன்."

அவன் பிளேடை எடுத்தான். எடுப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மடிப்பின் விளிம்பில் வைத்தான். விரல்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. பிளேடின் முனை தாளில் தட்டித் தட்டி, பூச்சி ஊர்வதைப்போல ஒரு சத்தம் வந்தது.

"அன்னைக்கி அவரு நடுங்கினாரு பாய்" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி. "வண்டி ஹார்பர் கேட்டாண்ட திரும்பும்போது பாத்தேன். பயம்னு நெனச்சேன்."

"ஜுரம்" என்றேன்.

தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவன் மற்ற கையால் அங்கவஸ்திரத்தை இழுத்துத் தோள் முழுக்கப் போர்த்தினான். அப்போதும் நடுக்கம் நிற்கவில்லை. இன்னும் இழுத்து, காது மறையத் தலையோடு சுற்றிக்கொண்டான். வண்ணக் கண்ணாடியிலிருந்து இறங்கிய வெளிச்சம் அந்த வெள்ளைத் துணி மேல் விழுந்தது. எதிர் மேஜைப் பையன்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். பிளேடு மடிப்பின் மேலேயே தட்டிக்கொண்டிருந்தது, அறுக்கவும் இல்லை, விலகவும் இல்லை.