யார் வீட்டு பெலிக்ஸ்

இறந்துபோன மாமனாரின் பெயர் பெலிக்ஸ். முதல் பேரனுக்குத்தான் அந்தப் பெயர் என்பது குடும்ப வழக்கம். மூத்த மருமகள் ஜான்சி அதற்காக எட்டு வருஷம் காத்திருந்தாள். கடைசியில் அவள் ஆறு மாத வயிற்றோடு இருக்கும்போது, போன வருஷம் வாழ வந்த ஓரகத்தி ஷீலா ஆண்பிள்ளை பெற்றுவிட்டாள்.

இருவரும் சாந்தோம் கடற்கரையில் பக்கத்துப் பக்கத்துப் பலகையில் மீன் விற்கிறவர்கள். ஷீலாவின் வஞ்சிரம் முதலில் விற்றுப்போனாலே ஜான்சிக்கு வயிறு எரியும். இப்போது பெயரும் போகிறது.

அப்போதுதான் சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் படித்த ஒரு பெலிக்ஸ் நினைவுக்கு வந்தான். ரோமாபுரி கவர்னர். இயேசுவின் திருத்தூதர் பவுல் பணம் தருவார் என்று எதிர்பார்த்து, அவரை இரண்டு வருஷம் சிறையிலேயே வைத்திருந்தவன். ஜான்சி நேராக ஃபாதரிடம் போய்க் கேட்டாள்.

"உண்மைதாம்மா," என்றார் அவர். "ஆனா ரோமாபுரில அது சாதாரணப் பேரு. அந்தப் பேர்ல போப்பாண்டவர் இருந்திருக்காங்க, புனிதர்கள் நிறைய பேர் இருக்காங்க. நோலா ஊர் பெலிக்ஸ் ஒளிஞ்சிருந்த இடத்துல சிலந்தி வலை பின்னிடுச்சாம். தேடி வந்த சிப்பாய்ங்க, உள்ள யாருமில்லன்னு திரும்பிப் போய்ட்டாங்க."

சிலந்தியை ஃபாதர் அறையிலேயே விட்டுவிட்டு, கவர்னரை மட்டும் ஜான்சி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"லஞ்சம் கேட்டவன் பேரையா பச்சப்புள்ளைக்கு வெக்கப்போற? பைபிள்லயே கீது, பாத்துக்க."

ஷீலா படித்தாள். முகம் சுருங்கியது. "நம்ம மாமா பேராச்சேக்கா."

"மாமாவுக்கு அவங்க வூட்ல இது தெரியாம வெச்சிட்டாங்க. நீ தெரிஞ்சே வெப்பியா?"

மீன் வாங்க வந்தவர்களிடமும் ஜான்சி அந்தக் கதையைச் சொன்னாள். சனிக்கிழமைக்குள் குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஷீலாவின் மகனுக்கு ஜெரோம் என்று ஞானஸ்நானம் நடந்தது.

மூன்று மாதத்தில் ஜான்சிக்கும் மகன் பிறந்தான். கோயிலில் ஃபாதர் பெயர் கேட்டார்.

"பெலிக்ஸ்," என்றாள் அழுத்தமாக.

பின்னால் பெண்கள் குசுகுசுத்தார்கள். ஜான்சி திரும்பினாள். "இது அந்த கவர்னரு இல்ல. சிலந்தி வல பின்னுச்சே, அந்தப் புனிதரு."

ஃபாதருக்கு ஒரே சந்தோஷம். "பரவால்லையே, அன்னிக்கு நான் சொன்னத அப்படியே ஞாபகம் வெச்சிருக்க. ஜெரோம் ஞானஸ்நானத்துக்கு முந்தின வாரம்தானே வந்து கேட்ட?"

தோளில் ஜெரோமோடு நின்ற ஷீலா ஜான்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் மகனைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, ஜான்சியின் கையிலிருந்த குழந்தையை வாங்கிக் கொஞ்சினாள்.

"இன்னா கவர்னரே, கொஞ்சம் சிரிங்க. காசு குடுத்தாதான் சிரிப்பீங்களா?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

மறுநாளிலிருந்து கடற்கரையில் யாரும் பெலிக்ஸ் என்று சொல்லவில்லை. கவர்னர் தூங்குகிறாரா, கவர்னருக்குச் சளி விட்டதா என்றுதான் விசாரித்தார்கள். ஜான்சி சிலந்தி கதையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கேட்பாரில்லை.

பக்கத்துப் பலகையில், வாய் நிறைய, "ஜெரோமு" என்று கூப்பிட்டார்கள்.