மோரீனின் நிலாப் பாட்டு

லூசியன் த்ரேல் என்ற மந்திரவாதி செத்து எத்தனையோ வருஷமாகியும், எங்கள் ஸ்கார்த்விக்கில் அவன் பெயரைச் சொன்னால் சிலுவை போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. பிள்ளைக்கறி தின்றான், சாத்தானோடு ஒப்பந்தம் போட்டான் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதியதைப் படித்து வளர்ந்த ஊர் இது. அவன் செய்த அயோக்கியத்தனம் வேறு. கட்டியவளின் சொத்தை அழித்தான், சீடர்களை அபினுக்குப் பழக்கினான். பிள்ளை எதையும் தின்னவில்லை. ஆனால் உண்மையான குற்றத்தில் யாருக்கு ருசி இருக்கிறது?

என் சிநேகிதி மோரீன் ஓல்ட்ராய்டுக்கும் அந்தப் பெயர் ஆகவே ஆகாது. அவள் எங்கள் சூனியக்காரிகள் குழுவின் தலைவி. மிரள வேண்டாம். பகலில் அவள் பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் இருப்பவள், நான் மீன் வறுவல் கடையில் உருளைக்கிழங்கு சீவுகிறவள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவள் வீட்டு முன்னறையில் சோபாவை ஒதுக்கிவிட்டு, ஒரு மொட்டைக் கத்தியால் வட்டம் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, நிலாப் பாட்டைச் சொல்லி நிலாவைக் கும்பிடுவோம். அவ்வளவுதான். இந்த வழிபாடு ஏசுவுக்கும் முந்தியது, தாய்க்குப் பின் மகள் என்று வாய்மொழியாக வந்தது என்று எங்கள் குழுக்களைத் தொடங்கிவைத்த டான்ஸ்லி அம்மாள் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மோரீனுக்கு அதுதான் வேதவாக்கு.

மாதம் ஒருமுறை 'கறுப்பு அன்னம்' பப்பின் மாடியில் எங்களைப் போன்றவர்கள் கூடுவோம். சிரிலும் வருவார். பள்ளியில் லத்தீன் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். த்ரேலின் கடைசிச் சீடன் என்று தனக்குத்தானே பட்டம் கட்டிக்கொண்டவர். மோரீனைச் சீண்டாமல் அவருக்கு பியர் இறங்காது.

"என்னம்மா மோரீன், இந்தப் பௌர்ணமிக்கும் எங்க ஆளு எழுதினதத்தானே பாடினீங்க?"

"வாத்தியாரே, உங்க ஆளு பொறக்கறதுக்கு ஆயிரம் வருஷம் முந்தியே எங்க பாட்டு இருந்துச்சு."

"உங்க டான்ஸ்லி அம்மா அவர் வீட்டுக்கு டீ குடிக்க வந்துச்சே, அப்ப சுட்டுட்டுப் போனது தாயி அது!"

"ரெண்டாவது கிளாஸே உங்களுக்கு ஒத்துக்கறதில்ல. வீட்டுக்குப் போங்க."

எல்லோரும் சிரிப்போம். வருஷக்கணக்காக இதே கூத்துதான்.

தொண்ணூறாம் வருஷம் நாட்டுக்கே பைத்தியம் பிடித்தது. சாத்தானைக் கும்பிடுகிறவர்கள் பிள்ளைகளைப் பலியிடுகிறார்கள் என்று தினம் ஒரு செய்தி, கூடவே த்ரேலின் படம். அந்த நேரம் பார்த்து மோரீனின் மகள் பிரையனி, "எங்கம்மா வட்டத்துக்குள்ள கத்தி வச்சுக்கிட்டு நிப்பாங்க, தெரியுமா?" என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்திருக்கிறாள். டீச்சர் குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மறுநாள் காலை அதிகாரிகள் வந்து, பல்கூட விளக்காத ஆறு வயசுப் பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புருஷன் எப்போதோ ஓடிப்போனவன். அந்த வீட்டில் மோரீனுக்கு இருந்தது பிரையனி ஒருத்திதான்.

பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்று பேச ஒரு கூட்டம் வைத்தார்கள். அதற்கு முதல் நாள் சிரில் மோரீன் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். மனிதர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"கேளும்மா. அந்த நிலாப் பாட்டு த்ரேலோடதுதான். நாளைக்கு அவங்க ஒரு நிபுணரக் கூட்டிட்டு வர்றாங்களாம், த்ரேல் புஸ்தகத்தையெல்லாம் கரைச்சுக் குடிச்சவனாம். நீயே முந்திக்க. ஆமா, நாலு வரி அவரு எழுதினது, பாட்டு நல்லாருந்துச்சு, எடுத்துக்கிட்டோம்னு சொல்லிடு. பிரச்சினை முடிஞ்சுது."

"இந்த நேரத்துலயும் கிண்டலா உங்களுக்கு?"

"சத்தியமா இல்லம்மா. புஸ்தகத்தையே கொண்டாரேன், நீயே பாரு."

"அந்த ஆளு புஸ்தகம் இந்த வாசலத் தாண்டி உள்ள வரக் கூடாது! எம் பொண்ணத் தூக்கிட்டுப் போனதே அவன் பேருதான். எந்திரிங்க, வெளிய போங்க!"

எனக்கும் அவர்மேல் எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருஷம் கேலியாகச் சொன்னதை ஒருநாள் நிஜம் என்று வந்து சொன்னால் யார் நம்புவார்கள்?

மோரீனுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். கூட்டத்துக்கு அந்த அலுவலகத்து ஃபரார் அம்மாள் தலைமை. நல்ல மனுஷி. பக்கத்தில் அந்த நிபுணர், ஹாலம் என்று பெயர். அவர்தான் கேட்டார்.

"லூசியன் த்ரேலுக்கும் உங்களுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்லைங்க. அவன் ஒரு சாக்கடை."

"அவர் எழுதினது ஒரு வரிகூட நீங்க சொல்றதில்ல?"

"எம் பொண்ணு மேல சத்தியமா, ஒரு வரிகூட இல்ல."

ஃபரார் அம்மாளின் முகம் இளகியது. அதைப் பார்த்ததும் மோரீனுக்குத் தைரியம் வந்துவிட்டது. அந்தப் பாட்டைப் பெற்ற மகளுக்குத் தவிர வெளியார் யாருக்கும் சொல்ல மாட்டோம் என்று நாங்கள் எல்லோரும் ஆணையிட்டிருக்கிறோம். பிள்ளைக்காக அவள் அதை முறித்தாள்.

"நீங்களே கேளுங்க. இதுல என்ன கெடுதல் இருக்குன்னு சொல்லுங்க." எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "நடுநிசியில் ஏற்றிய ஒளியே, என் குரலைக் கேள். வெறுங்கையோடு வந்தேன், வெறுங்கையோடே ஏற்றுக்கொள்..."

மூச்சு வாங்க நிறுத்தினாள். ஹாலம் மடியில் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். அதில் விரல் வைத்துப் படித்தார்.

"'பிறந்தவை யாவும் உன் மடியில் உறங்கட்டும்.' இதுதானே அடுத்த வரி?"

மோரீன் கண்ணைத் திறந்தாள். அவர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். த்ரேலின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது.

"பிறந்தவை யாவும் உறங்கணுமாம். இந்த ஆள் எதைத் தூங்க வெச்சாருன்னு ஊருக்கே தெரியும்," என்றார் ஹாலம்.

"ஐயோ, அது வெறும் பாட்டுங்க," என்று மோரீன் பதறினாள். "தாலாட்டு மாதிரிங்க. பிரையனியத் தூங்க வெக்கறதே அதச் சொல்லித்தான்!"

அறையில் பேனாக்கள் ஓடின. ஃபரார் அம்மாளின் முகம் இறுகியது.

"பொண்ணு மேல சத்தியம் பண்ணீங்களே, மிஸஸ் ஓல்ட்ராய்ட்," என்றாள்.

த்ரேல் தொட்டதெல்லாம் ரத்தம் என்று நினைத்த ஒரு முட்டாள் நிபுணர். தன்னிடம் த்ரேலின் தூசிகூட இல்லை என்று நினைத்த என் மோரீன். இரண்டு பேரில் ஒருவராவது அந்தக் கவிதையை ஒழுங்காகப் படித்திருந்தால் பிள்ளை அன்றே வீடு வந்திருக்கும்.

பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று கூட்டம் முடிவெடுத்தது. கோர்ட்டும் அதையே சொன்னது. பிரையனியை வேறு ஊரில் ஒரு குடும்பத்திடம் விட்டார்கள். மாதம் ஒருமுறை பார்க்கலாம், அதிகாரி கூடவே இருப்பாள். முதல் தடவை நான்தான் மோரீனைக் காரில் அழைத்துப்போனேன். பொம்மைகள் இறைந்த ஒரு சின்ன அறை, மூலையில் நாற்காலி போட்டு அந்த அதிகாரி நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். பிரையனி ஓடிவந்து மோரீனின் மடியில் ஏறினாள். கொஞ்ச நேரம் விளையாடினாள், பிறகு தோளில் சாய்ந்தாள்.

"அம்மா, நிலாப் பாட்டு சொல்லும்மா."

மோரீன் மூலையைப் பார்த்தாள்.

"எந்தப் பாட்டு கண்ணு? அம்மாவுக்கு அப்படி ஒரு பாட்டே தெரியாதே."

"மறந்துட்டியா? நான் சொல்லித்தரேன்," என்று பிள்ளை ஆசையாக நிமிர்ந்தது. "நடுநிசியில் ஏற்றிய..."

மோரீன் சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். பிள்ளை மிரண்டு அழ ஆரம்பித்தது. மூலையில் இருந்தவள் அதையும் எழுதிக்கொண்டாள்.